மருத்துவச்சி யால்ஷா ஊற்றிய தண்ணீர்

ஒரு குழந்தையின் தலையில் ஒரு முறைக்கு இரண்டு முறை தண்ணீர் ஊற்றிவிட்டால் என்ன கெட்டுப்போகும்? உங்களைத்தான் கேட்கிறேன். சளி பிடிக்கும் என்பீர்கள். நான் மருத்துவன், நானும் அப்படித்தான் சொல்லிச் சிரித்தேன். எங்கள் கமெனிட்சா ஊரில் அந்த இரண்டாவது தண்ணீர் இரண்டு பேருடைய வாழ்க்கையைக் கொண்டுபோயிற்று. இரண்டாவதை ஊற்றியவர் பாதிரியார். முதல் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஊற்றவில்லை என்று சொன்னவள் யால்ஷா.

யால்ஷா வுக்ரினெத்ஸ் போன தவக்காலத்தில் செத்துப்போனாள். எங்கள் மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் அவள் கையில்தான் பிறந்தார்கள். காட்டுப்பன்றி சுட்ட பிரபுக்களைப் பற்றி அச்சடித்த புத்தகங்கள் இருக்கின்றன. இவளைப் பற்றி மரச் சிலுவையில் ஒரு பெயர் மட்டும் இருக்கிறது, அதையும் தச்சன் தப்பாகச் செதுக்கியிருக்கிறான். நான் எழுதுகிறேன். எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது பெருமைப்படும்படியான காரணம் இல்லை.

அவளுக்கு இருபத்து மூன்று வயதில், புருஷன் மேல் கருவாலி மரம் சாய்ந்தது. பிள்ளை இல்லை. அப்போதிருந்த கிழட்டு மருத்துவச்சிக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்ததால், துணைக்கு யால்ஷாவைக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டே வருடத்தில் ஊர் யால்ஷாவைத்தான் கூப்பிட்டது. பெரிய கைகள், சொத்தைப் பற்கள், தெருமுனை வரை கேட்கும் சிரிப்பு. வலியில் துடிக்கிறவளிடம், “கத்துடி, நல்லா கத்து. உன் புருஷன் காதுல விழட்டும், அடுத்த தடவ கொஞ்சம் யோசிப்பான்” என்பாள். துடிக்கிறவளும் சிரித்துவிடுவாள்.

வருடம் தோறும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில், எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த மருத்துவச்சிகள் எல்லாரும் பாதிரியார் அம்ப்ரோஸ் முன்னால் வரிசையாக நின்று ஒப்பிக்க வேண்டும். குழந்தை செத்துவிடும் போலிருந்தால் என்ன செய்வாய்? சுத்தமான தண்ணீர் எடுப்பேன், தலையில் மூன்று முறை ஊற்றுவேன், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயர் சொல்லுவேன். பிறகு? பிழைத்தால் உடனே சாமியிடம் சொல்லுவேன். ஏன்? ஞானஸ்நானம் ஒருவருக்கு ஒரு முறைதான். வீட்டில் ஊற்றியாகிவிட்டால் கோயிலில் எண்ணெய், உப்பு, ஜெபம் மட்டும்தான். தெரிந்தே மறுபடி தண்ணீர் ஊற்றுவது தெய்வ நிந்தனை. இப்படி ஒப்பித்துவிட்டுச் சிலுவையின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தால்தான் அடுத்த வருடமும் தொழில் பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத யால்ஷா ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை. அந்த ஒரு பாடத்தில் அவள்தான் வகுப்பில் முதல்.

1861, பிப்ரவரி. கணப்பு கட்டும் ப்ளாஷின் மனைவி தோராவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டது. விடியும் நேரம், முழங்காலுக்குப் பனி. குழந்தை நீலமாக வெளியே வந்தது, அழவில்லை. ப்ளாஷ் பாதிரியாரைக் கூட்டிவர ஓடியிருந்தான். அவன் திரும்புவதற்குள் குழந்தை போய்விடும் என்று யால்ஷாவுக்குத் தோன்றியது. வாளியில் மிதந்த பனிக்கட்டியை உடைத்து, ஒரு கை தண்ணீர் எடுத்து, மூன்று முறை ஊற்றினாள். சொல்ல வேண்டியதைப் பிசகாமல் சொன்னாள். குளிர்ந்த தண்ணீர் பட்ட அதிர்ச்சியில் குழந்தை வீல் என்று கத்தியது. மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் குழந்தையைப் பிழைக்க வைத்தது அந்தக் குளிர்ச்சிதான். யால்ஷா வேறு மாதிரி நம்பினாள்.

தோராவுக்கு ரத்தம் நிற்கவில்லை. அவள் கல்யாணத்துக்கு முன் மாளிகையில் தையல் வேலை பார்த்தவள். பிரபுவின் தங்கை லுதோவிகா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்: உன் குழந்தையை ஞானஸ்நானத்தில் நான் ஏந்துகிறேன், நான்தான் ஞானத்தாய். ஞானத்தாயை எங்கள் ஊரில் கூமா என்போம், பிள்ளையைப் பெற்றவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“யால்ஷாக்கா, சாமிகிட்ட சொல்லிடாத” என்றாள் தோரா.

“எத?”

“தண்ணி ஊத்தினத. சொன்னா, கோயில்ல வெறும் எண்ணெயும் உப்பும்தான். மிச்சம் மீதி சடங்குக்கு மாளிகையிலேருந்து யாரு வருவா? அங்க பெரியவங்க அனுப்பவே மாட்டாங்க. லுதோவிகா சின்னம்மா வந்து ஏந்தணும்க்கா. நெசமான கூமாவா இருக்கணும். நான் போயிட்டா இதுக்கு வேற யாரு இருக்கா?”

“நீ எங்கயும் போகல. வாய மூடிட்டுப் படு.”

“சத்தியம் பண்ணு.”

யால்ஷா சத்தியம் பண்ணினாள். மத்தியானம் பாதிரியார் பனியைத் தாண்டி வந்து சேர்வதற்குள் தோரா போய்விட்டாள்.

நான்காம் நாள் கோயிலில் லுதோவிகா நரித்தோல் மேலங்கியைக் கழற்றிப் பணிப்பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கினாள். அவளுக்கு இருபது வயது. குழந்தையைப் பிடிக்கத் தெரியாமல் கண்ணாடிச் சாமான் போல் பிடித்திருந்தாள். பாதிரியார் அம்ப்ரோஸ் விதிப்படி கேட்டார்: “யால்ஷா, வீட்டுல தண்ணி ஊத்தினியாம்மா?”

“இல்ல சாமி.”

அவள் சொன்ன முதல் பொய் அது. ஒரு செத்தவளுக்காகச் சொன்னது. அதில் யாருக்கும் கெடுதல் இருக்கவில்லை, அன்றைக்கு.

குழந்தைக்கு ஞானத்தாயின் பெயரையே வைத்தார்கள். வீட்டில் விகா என்று கூப்பிட்டார்கள். மற்ற சீமாட்டிகள் ஞானத்தாய் ஆனால் ஈஸ்டருக்கு ஒரு வெள்ளிக் கரண்டி அனுப்புவதோடு சரி. லுதோவிகா அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். ஞாயிறு தோறும் பூசை முடிந்ததும் நேராக ப்ளாஷின் வீட்டுக்கு வந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள யால்ஷா அங்கே போய்வந்துகொண்டிருந்தாள். ஆகையால் அந்த வீட்டில் நடந்த எல்லாவற்றையும் அவள் கண்ணால் பார்த்தாள்.

ப்ளாஷ் இலையுதிர் காலத்தில் மாளிகையின் பதினொரு கணப்புகளையும் பிரித்து, கரி சுரண்டி, பச்சை ஓடுகளை மறுபடி அடுக்கிக் கட்டுவான். லுதோவிகா விகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்ப்பாள். மூன்றாவது வருடம் அவளே களிமண் பிசைந்தாள்.

“கூமா, அங்க கைய வைக்காதீங்க, சுடும்.”

“நீங்க மட்டும் வைக்கிறீங்க?”

“என் கை கை இல்ல கூமா, கரண்டி.”

குழந்தைக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த யால்ஷா, “கரண்டின்னா கஞ்சி கிண்டவாவது ஆகும்” என்றாள்.

1865 வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ப்ளாஷின் வீட்டுக் கணப்பு புகைந்தது. லுதோவிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஊர்க் கணப்பையெல்லாம் சரி பண்றவரு சொந்த வீட்ட இப்படியா வச்சிருப்பாரு?” என்றாள்.

“பொழுது எங்க இருக்கு கூமா?”

“நான் இங்கயே இருந்துட்டா பொழுது கெடைக்குமா?”

ப்ளாஷ் கையிலிருந்த ஓட்டைக் கீழே போட்டான். இரண்டாக உடைந்தது.

“நீங்க யாரு, நான் யாரு? உங்க அண்ணன் நாய அவுத்து விடுவாரு.”

“காலைல கோயில்ல ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல முட்டி போட்டு நற்கருணை வாங்கினோமே. மாளிகைக்கு ஒரு அப்பம், குடிசைக்கு ஒரு அப்பம்னு சாமி தனித்தனியாவா குடுத்தாரு?”

“அது கடவுள் வீடு கூமா.”

“அப்ப இது யாரு வீடு?”

யால்ஷா சத்தமாகச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் அவளுக்கு அந்த வாளித் தண்ணீர் ஞாபகம் வந்தது.

லுதோவிகாவின் அண்ணன் ஷிக்மண்ட் பிரபு நாயை அவிழ்த்துவிடவில்லை. அவர் படித்தவர். பாதிரியாரைக் கூப்பிட்டுத் திருச்சபைச் சட்டப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார். குழந்தையை ஞானஸ்நானத்தில் ஏந்துகிறவர் குழந்தைக்கு மட்டுமல்ல, அதைப் பெற்றவர்களுக்கும் உறவாகிவிடுகிறார். ரத்த உறவைப் போல இந்த உறவும் மணத்துக்குத் தடை. லுதோவிகா ப்ளாஷின் பிள்ளைக்குக் கூமா. கல்யாணம் கூடாது. முடிந்தது.

இந்தச் சட்டத்தை என்னவென்று சொல்வது? மாளிகையின் தானியக் கொட்டகையில் பிரபு கெடுத்த மூன்று பெண்களுக்கு நானே மருத்துவம் பார்த்திருக்கிறேன். அதைத் தடுக்க ஒரு வரி கிடையாது. ஒரு பெண் ஒரு தாயில்லாக் குழந்தையை அன்போடு கையில் ஏந்தியதைத் தடையாக்க மட்டும் ஒரு பக்கம் முழுக்க எழுதிவைத்திருக்கிறார்கள். ஆயர், அதாவது பிஷப், மனம் வைத்தால் விலக்குக் கொடுக்கலாம். லுதோவிகாவின் விண்ணப்பம் போய்ச் சேரும் முன்பே பிரபுவின் கடிதம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. விலக்கு இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

லுதோவிகா சோரவில்லை. மாளிகை நூலகத்தில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைத் தானே படித்தாள். படித்ததில் ஒரு வரி கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு, தோட்டத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த யால்ஷாவிடம் ஓடிவந்தாள்.

“யால்ஷா, விகா பொறந்தப்ப நீதான கூட இருந்த? கொழந்த நீலமா இருந்துச்சுன்னு ஊர்ல சொல்றாங்க. நீ பயந்து தண்ணி ஊத்தினியா? நல்லா யோசிச்சுச் சொல்லு. வீட்டுலயே ஊத்தியிருந்தா அதுதான் ஞானஸ்நானம். கோயில்ல நடந்தது கணக்குல வராது. நான் கூமாவே இல்ல. எந்தத் தடையும் இல்ல. புரியுதா?”

யால்ஷா என்னிடம் சொன்னாள்: “அந்தப் புள்ள மூச்சு வாங்க நிக்குது டாக்டரே. மொகமெல்லாம் வெளிச்சம். ஆமான்னு ஒரு வார்த்த. என் வாயி இல்லன்னு சொல்லிடுச்சு. ரொம்ப நாளா இல்லன்னு சொல்லிப் பழகின வாயி.”

“இல்ல சின்னம்மா.”

“நெசமாவா?”

“நெசமா.”

ஏன்? அவளையே நான் பல தடவை கேட்டேன். ஆமாம் என்றால், நாலு வருடம் மறைத்தவள் ஆவாள். சத்தியத்தை மீறியவளுக்குத் தொழில் கிடையாது. தொழில் இல்லாத விதவைக்கு எங்கள் ஊரில் பிச்சைப் பாத்திரம்தான். அது ஒன்று. கண் மங்கிய கிழவர் அம்ப்ரோஸைத் தெய்வ நிந்தனை செய்ய வைத்தவளும் அவளே ஆவாள். அது இன்னொன்று. “ரெண்டுல எது பெருசுன்னு கேக்காதீங்க. ரெண்டையும் தூக்கிப் பார்க்கல நான். ஓடிட்டேன்” என்றாள்.

லுதோவிகா அப்படியும் விடவில்லை. ஆயரகத்திலிருந்து ஒரு குரு விசாரணைக்கு வந்தார். பாதிரியார் குடியிருந்த பங்கு வீட்டில் மேசை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அன்று காலை யால்ஷா உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனாள். நல்ல சட்டை உடுத்திக்கொண்டு போனாள், துரத்தப்படும்போது கந்தலில் இருக்கக்கூடாது என்று. விசாரணைக் குரு கேள்வியைக் கேட்கும் முன், பாதிரியார் அம்ப்ரோஸ் எழுந்து நின்றார்.

“இந்தப் பொம்பளையப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும். பதினஞ்சு வருஷமா என் முன்னால ஒப்பிக்கிறா. ஒரு எழுத்து பிசகினதில்ல. இவ ஊத்தியிருந்தா அன்னிக்கே என்கிட்ட ஓடி வந்திருப்பா. இவ நாக்கு என் நாக்கவிடச் சுத்தம்.”

யால்ஷா சிலுவையின் மேல் கைவைத்து, தண்ணீர் ஊற்றவில்லை என்றாள்.

பயமுறுத்தியவர்கள் முன் பொய் சொல்கிறவர்களை எனக்குப் புரியும். தன்னை நம்பிய ஒரே ஆள் முன்னால் அவள் பொய் சொன்னாள். அதைத்தான் அவளால் கடைசிவரை விழுங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம். லுதோவிகா வந்த வரன்களையெல்லாம் திருப்பி அனுப்பினாள். ஓடிப்போகவில்லை, இருவரும் நம்பிக்கை உள்ளவர்கள். இந்தச் சட்டத்தின் கோமாளித்தனத்தைப் பாருங்கள்: கூமா என்ற உறவு கல்யாணத்தைத் தடுக்குமே தவிர, வீட்டுக்கு வருவதைத் தடுக்காது. ஞானத்தாய் தன் பிள்ளையைப் பார்க்க வருவதை யார் குறை சொல்ல முடியும்? ஞாயிறு தோறும் வந்தாள். மேசையின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய பலகாரத்தை விகா நடுவில் வைப்பாள். சாப்பிட்டு, ஜெபம் சொல்லி, இருட்டும் முன் லுதோவிகா மாளிகைக்குத் திரும்பிவிடுவாள். விகா வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊருக்குப் போன பிறகும் அவள் வருவது நிற்கவில்லை. பல ஞாயிறு யால்ஷாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு கவளத்தையும் எப்படி இறக்கினேன் என்று எனக்கே தெரியாது என்பாள். போகாமல் இருந்திருக்கலாமே என்றேன். “கூப்பிட்டாங்களே. எந்த மொகத்த வச்சிக்கிட்டு வரலைங்கறது?” என்றாள்.

பாதிரியார் காதில் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அம்ப்ரோஸ் இறந்த பின் வந்த புதிய பாதிரியார் வென்டெலிடம். அங்கே கேட்டதை அவர் வெளியே சொல்லக்கூடாது. “வெளிய வந்து, சாட்சியா, எல்லார் முன்னாலயும் சொல்லு” என்று அவளிடம் சொல்லி அனுப்பினார். அவள் வெளியே வந்தாள், சொல்லவில்லை.

1883 அக்டோபரில் அவள் என்னிடம் வந்தாள். உண்மையில் நான்தான் வரச் சொல்லியிருந்தேன். நகரத்தில் படித்துப் பட்டயம் வாங்கிய மருத்துவச்சி எங்கள் மாவட்டத்துக்கு வந்துவிட்டாள். பழைய மருத்துவச்சிகள் இனி தொழில் பார்க்கக்கூடாது என்று உத்தரவு. அதைப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குவது என் வேலை. அழுவாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கட்டைவிரலைத் தாளில் அழுத்திவிட்டு, துடைத்துக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“இனிமே என்கிட்டேருந்து புடுங்கறதுக்கு ஒண்ணும் இல்லல்ல, டாக்டரே?”

“இல்ல.”

“அப்ப அந்தப் பேனாவ கீழ வைக்காதீங்க. நான் சொல்றத எழுதுங்க.”

எல்லாவற்றையும் சொன்னாள், மேலே நான் எழுதியபடி. கடைசியில், “இத எழுதி, என் கைநாட்ட வச்சி, நீங்களும் சாட்சி போட்டு ஆயரகத்துக்கு அனுப்புங்க. அவங்க ரெண்டு பேருக்கும் இன்னும் வயசு இருக்கு” என்றாள்.

நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் முகம் எரிகிறது. நான் பகுத்தறிவுக்காரன், நிறையப் படித்தவன். வியன்னாவில் ஐந்து வருடம் பிணங்களை அறுத்து, ஆன்மாவைத் தேடிப் பார்த்து, இல்லை என்று உறுதி செய்துகொண்டு வந்தவன். ஒரு கை தண்ணீர் வாளியிலிருந்து வந்ததா கோயில் கல்தொட்டியிலிருந்து வந்ததா என்பதற்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போடுவதா? போட்டால் அந்த மூடச் சட்டத்தை நானே ஒப்புக்கொண்டதாகிவிடாதா?

“யால்ஷா, தடைன்னு ஒண்ணு இருந்தாதான அத நீக்கணும்? இல்லாத பேய நான் எதுக்கு ஓட்டணும்?”

“உங்களுக்கு இல்ல டாக்டரே. அவங்களுக்கு இருக்கு.”

“நான் பத்திரிகைல எழுதறேன். இந்தச் சட்டத்தையே கிழிச்சுத் தொங்க விடறேன். குளிர்காலம் முடியட்டும்.”

“அது வரைக்கும்?”

“பதினெட்டு வருஷம் போச்சு. நாலு மாசத்துல என்ன?”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நிம்மதிதான் இருந்தது. சொல்லியாகிவிட்டது, படித்தவர் தள்ளிப்போடச் சொல்கிறார், இனி இது அவர் பாடு. என் அகங்காரம் அவளுடைய பயத்துக்கு ஒரு தலையணையைக் கொடுத்தது. எழுதும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டு போனாள்.

வாக்கை மீறாமல், நான் ப்ளாஷிடம் போய் உபதேசம் செய்தேன். மாளிகைக்குப் போகும் வழியில் அவனை நிறுத்தி, “மனுஷன் எழுதின சட்டம்தான? அவங்களக் கூட்டிட்டுப் போய் எங்கயாவது வாழ வேண்டியதுதான?” என்றேன்.

அவன் களிமண் வாளியைக் கீழே வைத்தான். “எது அவங்களத் தாங்கி நிக்குதோ அத ஒடச்சிட்டு, அவங்கள மட்டும் எப்படி டாக்டரே எடுத்துக்கறது? ஒரு கணப்புல அடி ஓட்ட உருவினா மேல என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

அப்போதாவது வீட்டுக்குப் போய் அந்தத் தாளை எழுதியிருக்கலாம். கட்டுரைக்குத்தான் குறிப்பு எழுதினேன்.

பிப்ரவரியில் ப்ளாஷுக்கு நுரையீரலில் சளி கட்டியது. முப்பது வருடம் கரியும் சுண்ணாம்பும் சுவாசித்த நெஞ்சு. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவன் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பாதிரியாரைக் கூப்பிட்டுவிடுங்கள் என்று நானே சொன்னேன். வென்டெல் சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயோடு வந்தார். கட்டிலின் தலைமாட்டில் லுதோவிகா, கூமா என்ற உரிமையில். காலடியில் யால்ஷா. ஜன்னல் பக்கம் நான்.

எண்ணெய் பூசி முடித்ததும் யால்ஷா பேசினாள்.

“சாமி, இவங்க ரெண்டு பேருக்கும் இப்பவே கல்யாணம் பண்ணி வைங்க. தடை இல்ல. நான் தண்ணி ஊத்தினேன். விகா பொறந்தன்னிக்கு. வாளித் தண்ணி, மூணு தடவ. நான் பொய் சொன்னேன். சிலுவ மேல கை வச்சுப் பொய் சொன்னேன்.”

லுதோவிகா அசையவில்லை.

வென்டெல் நல்ல மனிதர். பாவசங்கீர்த்தனத்தில் முன்பே கேட்டிருந்தும் அதை வைத்து அவர் எதுவும் செய்யக்கூடாது; முகம் வெளுத்துப்போயிருந்தது. “அம்மா, நீ சத்தியம் பண்ணிச் சொன்ன சாட்சி ஆயரகத்துல எழுத்துல இருக்கு. அத மாத்தணும்னா இன்னொரு எழுத்து வேணும். சாட்சிக் கையெழுத்தோட ஒரு தாள் இங்க இருந்தா, சாகற நிலைன்னு நானே துணிஞ்சு பண்ணி வைப்பேன், அப்புறம் யாரு கேட்டாலும் பதில் சொல்லிக்குவேன். வாய் வார்த்தைய வச்சு எப்படி? நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு சொல்றன்னு கேப்பாங்களே. அப்படி ஒரு தாள் இருக்கா?”

யால்ஷா திரும்பி என்னைப் பார்த்தாள். “டாக்டர்கிட்ட அக்டோபர்லயே சொன்னேன் சாமி” என்றாள்.

நான் தலைகுனிந்தேன். அங்கேயே தாள் கேட்டேன். எழுதிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். வென்டெல் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த நிமிஷத்தில் எழுதியதை வைத்து எப்படி என்று தயங்கினார். இருபது வருடப் பொய்யை ஒரு சாவு வீட்டின் இரக்கத்தில் புரட்டினார்கள் என்று பிரபு வழக்குப் போட்டால், கல்யாணமே செல்லாது என்று ஆகிவிடும் என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. நாலு மாதம் முந்தைய தேதி போட்ட தாளாக இருந்திருந்தால் யாரும் வாய் திறந்திருக்க முடியாது.

“ஆயரகத்துக்குப் போய்வர எத்தன நாள்?” என்று லுதோவிகா கேட்டாள். அவள் பேசியது அது ஒன்றுதான்.

“இந்தப் பனில மூணு நாள்.”

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ப்ளாஷ் சிரிக்கிறான் என்று புரிய எங்களுக்கு நேரமாயிற்று.

“சாமி… தண்ணி ஊத்தினவங்களும் உறவுதான சட்டப்படி?”

“ஆமாப்பா. ஊத்தினவங்கதான் உறவு.”

“அப்ப என் கூமா நீதானாடி, யால்ஷா? முன்னாலயே சொல்லியிருந்தா ஈஸ்டருக்கு உனக்கொரு முட்டையாவது குடுத்திருப்பேனே.” இருமல் வந்தது. அடங்கியதும் லுதோவிகாவின் பக்கம் தலையைத் திருப்பினான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். “லுதோவிகா.”

மாளிகையின் பனிச்சறுக்கு வண்டியில் நானே அந்தத் தாளையும் யால்ஷாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். ஆயரகத்தில் அவள் நிமிர்ந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு எழுத்து பிசகவில்லை. புதைத்துத் தோண்டியெடுத்த ஆளைப் போலிருந்த ஒரு கிழட்டு அலுவலர் பழைய கட்டைத் தேடி எடுத்து, ஒப்பிட்டு, தடை எதுவும் இருந்ததில்லை என்று எழுதி முத்திரை குத்தினார். அரை மணி நேரம் ஆயிற்று. அரை மணி நேரம்தான்.

நாங்கள் திரும்பி வந்தபோது ப்ளாஷ் இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

யால்ஷா அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லுதோவிகா முன்னால் முழங்காலிட்டாள். லுதோவிகா வாங்கிப் படித்தாள். மடித்தாள். திட்டுவாள், அறைவாள் என்று நான் காத்திருந்தேன். மன்னித்தேன் என்று சொல்லிவிடுவாளோ என்றும் பயந்தேன்.

“எனக்கு நாப்பத்தி மூணு வயசு, யால்ஷா. நான் உன்கிட்ட வந்து கேட்டப்ப இருபத்தி நாலு.”

அவ்வளவுதான். அதற்கு மேல் அன்றும் சொல்லவில்லை, என்றும் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “உங்களுக்கு அக்டோபர்லயே தெரியுமாமே, டாக்டர்” என்றாள். நான் ஆமாம் என்றேன். அவள் தலையசைத்தாள்.

யால்ஷா அதற்குப் பின் ஆறு வருடம் உயிரோடு இருந்தாள். புதிய மருத்துவச்சி பிரசவம் பார்த்த வீடுகளுக்கு அழையாமலே போவாள். பிள்ளையைத் தொடமாட்டாள். வாசலில் நின்று, “தண்ணி ஊத்தினீங்களா? ஊத்தியிருந்தா இன்னிக்கே போய்ச் சொல்லிடுங்க” என்பாள். பைத்தியம் என்றார்கள், கதவைச் சாத்தினார்கள். சாகும்போது நான் பக்கத்தில் இருந்தேன். பாவமன்னிப்பு வாங்கியிருந்தாள், ஆனாலும் அது அவளுக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கடவுள் உண்டா என்று எனக்குத் தெரியாது; உண்டென்றால் அவளை மன்னிப்பது அவருக்குச் சுலபம், அவர் இருபத்து நாலு வயதில் மூச்சு வாங்க ஓடிவந்து அந்தத் தோட்டத்தில் நிற்கவில்லை.

அந்தச் சட்டத்தை நான் இன்றும் வெறுக்கிறேன். என் கட்டுரையும் வெளிவந்தது, நாலு பேர் கைதட்டினார்கள். அதனால் ஒருவரும் பிழைத்து வரவில்லை. சட்டம் அநியாயமானது என்பது, அதில் சிக்கியவர்களைக் காக்க வைப்பதற்கு நியாயமாகாது. இதைக் கற்க எனக்கு ஒரு சாவு வேண்டியிருந்தது.

ஆகவே படித்தவர்களே, எழுதத் தெரிந்தவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் மதிக்காத ஏதோ ஒரு விதிக்காக, எழுதத் தெரியாத ஒருவர் வந்து சாட்சி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால், விவாதம் செய்யாதீர்கள். உங்கள் கொள்கையை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன் எழுதுங்கள், அன்றைய தேதியைப் போடுங்கள், அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள்.